கொடுத்த வேலையைத் திரும்ப வாங்காமல் இருப்பது

எங்கள் குழுவில் மூன்று வருடம் வேலை பார்த்த ஒரு பெண் வேறு இடத்துக்குப் போனபோது, கடைசி நாளன்று அவளை உட்காரவைத்துப் பேசினேன். இங்கே என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை என்று கேட்டேன். பிடித்ததை நிறையச் சொன்னாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அக்கா, இங்க நிறைய வேலை செஞ்சேன். ஆனா ஒரு முடிவுகூட நானா எடுத்ததா ஞாபகம் இல்ல" என்றாள். குறை சொல்லும் குரலே இல்லை. ஏதோ தேதியைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதனாலேயே அது ரொம்ப நாள் உறுத்தியது.

அதுவரை நான் வேலையைப் பகிர்ந்து கொடுக்கிறவள் என்றுதான் என்னை நினைத்திருந்தேன். ஆறு பேர் கொண்ட குழு, எல்லோருக்கும் கை நிறைய வேலை. ஆனால் எல்லாமே என் மேசை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வெளியே போகும் கடிதத்தின் கடைசி வரியை நான் திருத்துவேன். எந்த வாடிக்கையாளருக்கு முதலில் பதில் போக வேண்டும் என்பதை நான் சொல்வேன். நான் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். 'நான் இல்லாவிட்டால் ஒன்றும் நகராது' என்பதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை மறைத்துவிட்டு இதை எழுதுவது நியாயமில்லை.

மாற வேண்டும் என்று முடிவெடுத்ததும் நான் செய்த முதல் காரியமே தப்பு. ஒரு திங்கட்கிழமை காலையில் ஐந்து வேலைகளை ஐந்து பேரிடம் கொடுத்து, "இனிமே இதெல்லாம் உங்க பொறுப்பு" என்று அறிவித்துவிட்டேன். வியாழக்கிழமைக்குள் ஐந்தில் நான்கு என்னிடமே திரும்பி வந்துவிட்டன. ஒன்று பாதியில் நின்றது, ஒன்று தப்பான ஆளுக்குப் போனது. மற்ற இரண்டும் அப்படியே தொடாமல் இருந்தன. "பார், நானே செய்தால்தான் சரிவரும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அருமையான சாட்சி கிடைத்தது. நீந்தத் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளிவிட்டு, இவருக்கு நீச்சல் வராது என்று சொல்வதுபோலத்தான் அது. ஒரு மாதம் கழித்துத்தான் மறுபடி ஆரம்பித்தேன், இந்தத் தடவை சின்னதாக.

முதலில் இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தில், அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்த எல்லா வேலையையும் எழுதிவைத்தேன். பக்கத்தில் ஒரு குறி: இது நான்தான் செய்ய வேண்டுமா, சொல்லிக்கொடுத்தால் இன்னொருவர் செய்வாரா, இதை எதற்குச் செய்கிறோம் என்றே தெரியவில்லையா. மூன்றாவது வகை அவ்வளவு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாராவாரம் நான்கு பேருக்கு ஒரு பட்டியல் அனுப்பிக்கொண்டிருந்தேன். அதை யாரிடமாவது கொடுக்கும் முன், ஒரு வாரம் அனுப்பாமல் விட்டுப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. இரண்டாவது வாரமும் கேட்கவில்லை. அதோடு அந்த வேலை செத்தது. வேண்டாத வேலையை இன்னொருவர் தலையில் கட்டுவதைவிட அதை நிறுத்திவிடுவது மேல் என்று அன்றிலிருந்து முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

மிச்சமிருந்ததில் முதலில் எதைக் கொடுப்பது? எனக்கு நானே வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இது கெட்டுப்போனால் என்னால் தாங்க முடியுமா? அடிக்கடி வரும், சின்னது, கெட்டாலும் மறுநாள் சரிசெய்துவிடலாம் என்ற வகையில் கூட்டக் குறிப்பு எழுதுவது கிடைத்தது. வாரம் ஒருமுறை வரும், யாருக்கும் உயிர் போகாது. குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் கொடுத்தேன்.

அவர் எழுதி அனுப்புவார். நான் திறந்து நாலு வார்த்தை மாற்றுவேன், வரிசையை மாற்றுவேன், இரண்டு வரியைச் சேர்ப்பேன், பிறகு எல்லோருக்கும் அனுப்புவேன். இப்படி ஆறு வாரம் போனது. நாளாக ஆக அவர் எழுதுவது மோசமாகிக்கொண்டே வந்தது. ஒரு நாள் பாதி வாக்கியங்களோடு வந்ததும் கூப்பிட்டுக் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "எப்படியும் நீங்க மாத்திடுவீங்கல்ல அக்கா" என்றார். சோம்பேறித்தனம் என்று முதலில் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தால், அவர் சொன்னது சரியான கணக்கு. நான் மாற்றாத வரி ஒன்றாவது இருந்திருந்தால் அவர் அதற்காக மெனக்கெட்டிருப்பார்.

அந்தத் திருத்தங்களை எடுத்து வரிவரியாகப் பார்த்தேன். உண்மையான பிழை பத்தில் இரண்டு இருக்கும். மற்ற எட்டும் என் வழக்கம், அவ்வளவுதான். வீட்டில் யாராவது துணி மடித்து வைத்தால், அதை எடுத்து மறுபடி என் மாதிரி மடிப்பேன். துணியில் ஒரு கசங்கலும் இருந்திருக்காது. இதுவும் அதே வியாதிதான்.

இந்த வியாதியை ஆராய்ச்சியாளர்கள் சோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். 1998இல் ஜெஃப்ரி ஃபெஃபர், ராபர்ட் சியால்டினி உள்ளிட்ட நான்கு பேர் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு விளம்பர வரைவைக் காட்டி அதற்கு மதிப்புப் போடச் சொன்னார்கள். வரைவு எல்லோருக்கும் ஒன்றேதான். ஆனால் இது தயாராகும்போது நாம் மேற்பார்வை பார்த்தோம் என்று நம்பியவர்கள், அப்படி நம்பாதவர்களைவிட அதை உசத்தியாக மதித்தார்கள். நான் கைவைத்த குறிப்பு எனக்கு மட்டும் ஏன் நன்றாகத் தெரிந்தது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அதற்கப்புறம் ஒரு விதி வைத்துக்கொண்டேன். பிழை இருந்தால் நான் திருத்த மாட்டேன், எங்கே என்று சொல்லி அவரையே திருத்தச் சொல்வேன். என் ரசனைக்கு ஒத்துவராதது என்றால் வாயை மூடிக்கொள்வேன். முதல் இரண்டு மாதம் இரண்டாவது பாதி ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அனுப்பும் பொத்தானையும் அவரிடமே விட்டேன். என் பெட்டிக்கும் மற்றவர்களுக்கு வரும் அதே நேரத்தில்தான் குறிப்பு வரும். அந்த ஏற்பாடு வந்த மூன்றாவது வாரத்தில் எழுத்து நன்றாகிவிட்டது.

அடுத்து மாதாந்தர அறிக்கை. இது கொஞ்சம் பெரிய படி. ஐந்து பிரிவுகளிலிருந்து எண்கள் வரும், அவற்றை எக்செல்லில் சேர்த்து, சரிபார்த்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். எனக்கு மூன்று மணி நேர வேலை. கவனமான ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளக்கினேன். அவளும் "புரிஞ்சுது" என்றாள். முதல் அறிக்கையில் ஒரு பிரிவின் வரிசையில் போன மாதத்து எண் அப்படியே இருந்தது. நான் பார்ப்பதற்குள் அது மேலே போய்விட்டது.

"இதைக்கூடப் பார்க்கலையா?" என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. காரணம், இதை எப்படிப் பார்ப்பது என்று நான் சொல்லியிருந்தேனா என்று யோசித்தபோது, சொல்லவே இல்லை என்று தெரிந்தது. நான் எப்போதும் புது எண்ணைப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பார்வை பார்ப்பேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுவேன், ரொம்ப விலகியிருந்தால் அந்தப் பிரிவுக்குப் போன் செய்வேன். பல வருடமாகக் கண் தானாகச் செய்கிற வேலை. அதை ஒரு வேலை என்றே நான் எண்ணவில்லை, அதனால் சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லை.

1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்பவர் தன் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதில் வைத்துக்கொண்டு அதன் தாளத்தை மட்டும் மேசையில் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடித்தது 3. தட்டுகிறவருக்கு உள்ளே முழுப் பாட்டும் ஓடுகிறது, கேட்கிறவருக்குக் கிடைப்பது டொக் டொக் மட்டும். நான் அந்தப் பெண்ணுக்கு ஒரு மணி நேரம் மேசையைத்தான் தட்டியிருக்கிறேன்.

அடுத்த மாதம் முறையைத் திருப்பிப்போட்டோம். நான் அறிக்கையைச் செய்தேன், மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். "ஏன் அந்த இடத்துல நிறுத்துனீங்க?" என்று அவள் கேட்டபோதெல்லாம் எனக்கே தெரியாத ஒரு விதி வெளியே வந்தது. அதற்கடுத்த மாதம் அவள் செய்தாள், நான் பக்கத்தில் இருந்தேன், கையைத் தொடையின் கீழ் வைத்துக்கொள்ளாத குறை. அதற்கும் அடுத்த மாதம் அவள் தனியாகச் செய்தாள், அனுப்பும் முன் ஒருமுறை காட்டினாள். செய்முறைக் குறிப்பை அவளே இரண்டு பக்கத்துக்கு எழுதினாள். இதை நான் வற்புறுத்திச் சொல்வேன்: குறிப்பைக் கற்றுக்கொள்கிறவர் எழுத வேண்டும். நான் எழுதியிருந்தால் அரைப் பக்கத்தில் முடித்திருப்பேன், முக்கியமானவை எல்லாம் விட்டுப்போயிருக்கும்.

"சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் நானே செய்துவிடுவேன்" என்பது பொய்யில்லை. என் கணக்கைச் சொல்கிறேன். முதல் மாதம் விளக்கியதும் பிழையைச் சரிசெய்ததுமாக 5 மணி நேரம் போனது. இரண்டாவது மாதம் 3, மூன்றாவது மாதம் ஒன்றரை, நான்காவது மாதம் அரை மணி. மொத்தம் 10 மணி நேரம். நானே செய்திருந்தால் நான்கு மாதத்துக்கு 12. அதாவது மூன்றாவது மாதம்வரை கூட்டிப் பார்த்தாலும் எனக்கு நஷ்டம்தான், நான்காவது மாதத்தில்தான் கணக்கு என் பக்கம் திரும்பியது. பலரும் முதல் மாதத்து நஷ்டத்தைப் பார்த்துவிட்டே கைவிடுகிறோம். ஒரே ஒரு தடவை வரும் வேலைக்கு இந்தக் கணக்கு எடுபடாது. அதை நானே செய்துவிடுவதில் எனக்கு வெட்கமில்லை.

இதுவரை சொன்னது செய்கிற வேலையைப் பற்றி. முடிவெடுக்கிற வேலை இதைவிடச் சிக்கல்.

குழுவில் அனுபவமுள்ள ஒருவர், ஒரு வாடிக்கையாளருக்குக் கெடுவை பத்து நாள் தள்ளிக்கொடுத்துவிட்டார். எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. என்னைக் கேட்காமல் எப்படி என்று கேட்டேன். "நீங்கதானே மேடம் இந்த வாடிக்கையாளரை முழுசா நீங்களே பாத்துக்குங்கன்னு சொன்னீங்க?" என்றார். சொல்லியிருந்தேன். அதே வாரத்தில் இன்னொருவர், ஒரு கடிதத்தில் 'மதிப்பிற்குரிய' என்று போடுவதா 'அன்புள்ள' என்று போடுவதா என்று என்னிடம் கேட்க வந்தார். இரண்டு பேரிடமும் நான் சொன்னது ஒரே வாக்கியம். ஒருவர் அதைப் பத்து நாள் என்று எடுத்துக்கொண்டார், மற்றவர் ஒரு சொல்கூடக் கிடையாது என்று எடுத்துக்கொண்டார். 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்பது அளவே இல்லாத சொல் என்று அன்று தெரிந்தது.

இப்போது வேலையைக் கொடுக்கும்போதே எந்தப் படியில் கொடுக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். "விவரம் சேகரித்துக் கொடுங்கள், முடிவு நான் எடுக்கிறேன்" என்பது முதல் படி. "உங்கள் யோசனையோடு வாருங்கள், சரி என்றால் செய்யலாம்" அடுத்தது. "செய்துவிட்டுச் சொல்லுங்கள்" அதற்கடுத்தது. "சொல்லவே வேண்டாம்" கடைசி. ஒரே ஆள் ஒரு வேலையில் மூன்றாவது படியிலும் இன்னொன்றில் முதல் படியிலும் இருக்கலாம், அதில் அவமானம் ஒன்றுமில்லை. முடிந்த இடத்தில் எல்லையை எண்ணாகச் சொல்கிறேன்: கெடுவை 3 நாள்வரை நீங்களே தள்ளலாம், அதற்கு மேல் என்றால் ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டு மாதம் ஒன்றும் கெடவில்லை என்றால் அந்த 3 என்பது 7 ஆகும்.

பாதி கொடுத்துப் பாதி பிடித்துக்கொண்டிருப்பது இன்னொரு கோளாறு. வேலையை ஒருவரிடம் கொடுத்திருப்பேன், ஆனால் மற்ற பிரிவுக்காரர்கள் பழக்கத்தில் என்னிடமே வந்து கேட்பார்கள். நானும் தெரிந்த பதில்தானே என்று சொல்லிவிடுவேன். இரண்டு வாரத்தில் யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது. விமானப் பயிற்சியில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. கட்டுப்பாட்டைக் கைமாற்றும்போது கொடுப்பவர் "இனி உங்கள் கையில்" என்பார், வாங்குபவர் "இப்போது என் கையில்" என்பார், கொடுத்தவர் மறுபடி ஒருமுறை "ஆம், உங்கள் கையில்" என்பார். எந்த நொடியிலும் விமானத்தை இரண்டு பேர் ஓட்டக் கூடாது, ஒருவரும் ஓட்டாமலும் இருக்கக் கூடாது. நான் அதைக் காப்பியடித்தேன். வேலை கைமாறும் நாளில் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல்: இன்று முதல் இது இவரிடம். அதற்கப்புறமும் என்னிடம் வந்து கேட்கிறவரிடம், பதில் நுனி நாக்கில் இருந்தாலும், "அவரைக் கேளுங்க" என்பேன். அப்படிச் சொல்வது முரட்டுத்தனமாகப் பட்டது. இரண்டு பேர் முகம் சுளித்தார்கள்கூட. ஒரு மாதத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

வேலை திரும்பி வரும் வழி வாசல் வழியாக மட்டும் இல்லை. நடைபாதையில் நிற்கும்போது, "அக்கா, இது கொஞ்சம் சிக்கலா இருக்கு, ஒரு தடவை பாருங்களேன்" என்பார்கள். "சரி, வெச்சிட்டுப் போ, பாக்கறேன்" என்பேன். முடிந்தது, வேலை என் மேசைக்கு வந்துவிட்டது. கேட்டவர் நிம்மதியாகப் போய்விடுவார், நான் இருட்டும்வரை உட்கார்ந்திருப்பேன். இப்போது, "நீ என்ன செய்யலாம்னு நினைக்கறே?" என்று கேட்கிறேன். முக்கால்வாசி நேரம் அவர்களிடமே பதில் இருக்கிறது. ஆனால் இதை ஒரு மந்திரம்போல எல்லோரிடமும் ஓதக் கூடாது. ஒருமுறை உண்மையிலேயே மூழ்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் இதையே கேட்டேன். "தெரியாமத்தானே கேக்கறேன்" என்றபோது அவர் குரல் உடைந்திருந்தது. அன்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்வதுதான் சரியாக இருந்தது. எந்தக் கேள்வி எது என்பதை முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எட்டிப் பார்ப்பதற்கும் நாள் குறித்துவிடுகிறேன். பத்து நாள் வேலை என்றால் இரண்டாவது நாளும் ஆறாவது நாளும் பார்ப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். இரண்டாவது நாள் பார்ப்பதுதான் முக்கியம். தப்பான திசையில் போயிருந்தால் அப்போது திருப்ப அரை நாள் போதும், ஒன்பதாவது நாள் என்றால் எல்லாவற்றையும் கலைக்க வேண்டும். குறித்த நாட்களுக்கு நடுவில் தோளுக்குப் பின்னால் போய் நிற்பதில்லை. நிற்பதில்லை என்று எழுதுகிறேன், அவ்வப்போது நின்றுவிடுவதும் உண்டு.

என்னை நானே ஏமாற்றிக்கொண்ட விஷயம் ஒன்று இருக்கிறது. முதல் வருடம் நான் கொடுத்த வேலைகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தால், அத்தனையும் எனக்குச் சலித்துப்போனவை. பிடித்தவற்றை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். கொடுத்ததிலும் பாதி, கெட்டிக்காரரான ஒரே ஆளிடம் போயிருந்தது. செய்கிறவர் தலையில்தானே மேலும் மேலும் ஏறும்! அவர் ஒரு நாள் அமைதியாக வந்து, எதை எடுத்துக்கொள்வதற்கு எதை விடலாம் என்று கேட்டார். அப்போதுதான் கொஞ்சம் வேலையை மற்றவர்களுக்கு மாற்றினேன். மெதுவாகத்தான் செய்தார்கள், ஆனால் செய்தார்கள்.

பிடித்ததைக் கொடுப்பது அதற்கப்புறம் வந்தது. வாடிக்கையாளர்கள் முன் நின்று திட்டத்தை விளக்குவது எனக்கு உயிர். அதை ஒருமுறை அந்த அறிக்கைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நான் சொல்லியிருக்கும் உதாரணம் எதையும் அவள் சொல்லவில்லை. கேள்வி நேரத்தில் ஒருவர் மடக்கியபோது என் கை தன்னால் உயர்ந்தது, பாதியில் இறக்கிக்கொண்டேன். அவள் "இதுக்குப் பதில் இப்ப எங்கிட்ட இல்ல, நாளைக்குச் சொல்றேன்" என்றாள். நானாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். கேட்டவர் தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் அவளிடம் போய்ப் பேசினார்கள். எனக்குச் சந்தோஷமும் இருந்தது, ஒரு வெறுமையும் இருந்தது. வெறுமையைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

சிலவற்றை இன்னும் கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதும் இல்லை. ஒருவரின் வேலையை மதிப்பிடுவது, இரண்டு பேர் சண்டையைத் தீர்ப்பது, கெட்ட செய்தியைச் சொல்வது. அப்புறம், யார் செய்த பிழையானாலும் மேலே போய்ப் பதில் சொல்வது. அந்தப் பழைய எண் மேலே போன அன்று, "எங்கள் குழுவில் தவறிவிட்டது, சரிசெய்து அனுப்புகிறேன்" என்று மட்டும் எழுதினேன். யார் என்று கேட்டார்கள், நான் சொல்லவில்லை. அவளுக்கு அது எப்படியோ தெரிந்திருக்கிறது. ஒரு வருடம் கழித்து வேறு ஏதோ பேசும்போது சொன்னாள்.

போன மாதம் அவள் அந்த அறிக்கையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதே இரண்டு பக்கக் குறிப்பு, ஓரத்தில் அவள் சேர்த்த புது வரிகள். நான் ஏதோ ஒரு சாக்கில் அந்தப் பக்கம் போய், திரையில் ஒரு எண்ணைப் பார்த்து நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, இது இன்னும் முடியல. புதன்கிழமை பாருங்க."

சரி என்று என் இடத்துக்கு வந்துவிட்டேன். அன்று திங்கட்கிழமை.